சவுக்குக் கம்பத்தில் ஏறியவள்

பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, புல் அறுக்கிற அரிவாளை முதுகுப்பக்கம் சொருகிக்கொண்டு, பஸ் ஸ்டாப்பில் நட்டிருந்த சவுக்குக் கம்பத்தில் என் சிநேகிதி ஏறினாள். அவளுக்குப் பக்கத்திலேயே, எங்கள் வீட்டுக் கதவைவிடப் பெரிதாக, அவளுடைய முகம். மஞ்சள் நீராட்டு விழா பேனர் அது. பேனரில் இருந்தவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கம்பத்தில் இருந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கம்பெனி பஸ்ஸுக்காக நின்ற அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். கீழே கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றது நான்.

இது நடந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இப்போது எழுதுவதற்குக் காரணம் என் மகள். அவள் பெரியவளாகிவிட்டாள். நாளை ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றுகிறோம். தாய்மாமனான என் தம்பி போன வாரமே பேனருக்கு டிசைன் போட்டு என் செல்லுக்கு அனுப்பியிருந்தான். மயில் சிம்மாசனத்தில் என் மகள். அவளைவிடப் பெரிதாகக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவன். கீழே அவனுடைய மனை வியாபாரத்தின் பெயர். நான் சமைக்கிற ஹாஸ்டலில் தெற்கத்திப் பிள்ளைகள்தான் அதிகம். அதில் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "எக்கா, ஒங்க தம்பி போட்டோல்லா பெருசா இருக்கு. சடங்கு பிள்ளைக்கா, அவருக்கா?" என்றாள். சமையல்கட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் செல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். இது அந்த மாதிரிப் பயம் இல்லை. என் மகள் தினமும் பள்ளிக்கூட பஸ் ஏறுகிற ஸ்டாப்பில்தான் அந்தப் பேனரை வைக்கப்போவதாகத் தம்பி சொன்னான்.

வல்லம் வடகால் பக்கம் கம்பெனிகளுக்குக் கொடுத்த நிலத்துக்குப் பணம் வந்த காலத்தில்தான் எங்கள் ஊருக்குப் பேனரும் வந்தது. யார் வீட்டில் பெண் பெரியவளானாலும் ரோட்டில் முகம் வைக்கவேண்டும். வைக்காவிட்டால் அந்த வீட்டில் ஏதோ குறை என்று பேச்சு. எங்கள் வயசுப் பெண்களில் எனக்குத்தான் முதலில் வைத்தார்கள். கழுத்துக்கு மேலே நான். கழுத்துக்குக் கீழே யாரோ பட்டுப் பாவாடை கட்டிய பெண். விசேஷம் முடிந்து பஸ் ஏறிய முதல் நாள் பின் சீட்டுப் பையன்கள் பேனரில் இருந்த வாழ்த்து வரியை ஒரே குரலில் படித்தார்கள். வகுப்பில் வாத்தியார் ஒருவர், "பேனர்ல பாத்தேன்மா உன்ன" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் வகுப்பு முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. எங்கே போனாலும் எனக்கு முன்னால் என் முகம் போய் நின்றுகொண்டிருந்த மாதிரி இருந்தது. மறுநாள் வயிற்று வலி என்றேன். அதற்கடுத்த நாளும் சொன்னேன். வீட்டில் யாரும் வற்புறுத்தவில்லை. "வயசுக்கு வந்த பொண்ணு, வூட்லயே இருக்கட்டும்" என்று அப்பா சொன்னதோடு ஒன்பதாம் வகுப்பு முடிந்தது. எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று இன்றைக்கும் சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பொய். எனக்குக் கணக்கு நன்றாக வரும்.

அடுத்த தெருவில் இருந்த என் சிநேகிதி மட்டும் என்னை விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் யூனிபார்மோடு நேராக ஏரிக்கரைக்கு வருவாள். நான் மாட்டுக்குப் புல் அறுப்பேன். அவள் கரையில் உட்கார்ந்துகொண்டு அன்று நடந்ததையெல்லாம் வாத்தியார்கள் குரலிலேயே நடித்துக் காட்டுவாள். நடுவில் திடீரென்று, "எப்போடி வரப்போற?" என்பாள். பயமாக இருக்கிறது என்பேன். "பயந்தா மட்டும் வுட்டுடுவானுங்களா? இங்க குந்திக்கினு பயப்படறத பஸ்ல வந்து பயப்படு" என்பாள்.

ஒரு வருஷம் கழித்து அவள் முறை வந்தது. அவளை வீட்டு மூலையில் தனியாக உட்கார வைத்திருந்தார்கள். விசேஷத்துக்கு முந்தின நாள் காலையில் நான் அரிவாளோடு போகிற வழியில், அவள் வீட்டு ஜன்னலோரம் நின்று, பேனர் வைத்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

"எங்க?"

"பஸ் ஸ்டாப்புல."

"எப்டி கீது?"

"தல மட்டும்தான் உன்னுது."

பின்வாசல் வழியாக அவளே வந்து நின்றாள். தீட்டு கழியாமல் வெளியே காலெடுத்து வைக்கக்கூடாத பெண். "அருவாளக் குடு" என்றாள். கொடுத்தேன்.

ஸ்டாப்பில் டீக்கடைக்காரர்தான் முதலில் கத்தினார். "ஏ பாப்பா, எறங்குடி! வுழுந்து தொலைக்கப் போற!"

"என் மூஞ்சிதானண்ணா, நானே எறக்கிக்கிறேன். உனுக்கு இன்னா?" என்றாள் மேலிருந்து.

ஒரு பக்கக் கயிற்றை அறுத்தாள். இறங்கி வந்து அடுத்த கம்பத்தில் ஏறி மறுபக்கத்தையும் அறுத்தாள். பேனர் மொத்தமும் என் மேல் விழுந்தது. உள்ளே ஒரே இருட்டு, பெயிண்ட் நாற்றம். வெளியே ஜனங்கள் சிரிப்பது கேட்டது. நான் அழுதுகொண்டிருந்தேன் என்றுதான் நினைத்தேன், அவள் பேனரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இப்டி சிரிக்கிற?" என்று கேட்டபோதுதான் நான் சிரித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

அவளுடைய அப்பா வண்டியில் வந்து சேர்ந்தார். கையை ஓங்கினார். அவள் நகரவில்லை. "நெலத்த வித்த, சரி. என் மூஞ்சிய எதுக்குப்பா ரோட்ல வெச்ச?" என்றாள். ஓங்கிய கை அவள்மேல் இறங்கவில்லை. பேனரைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பிறகு அது அவர்கள் மாட்டுக் கொட்டகைக்குக் கூரையானது, படம் கீழ்ப்பக்கம் பார்க்க. "மாடுங்க பாத்துக்கினு கெடக்கட்டும், அதுங்க ஒண்ணும் சொல்லாது" என்றாள்.

அதோடு பையன்கள் திருந்திவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். "ஏய் பேனரு!" என்று பட்டப்பெயரே வைத்தார்கள். "இன்னாடா?" என்று திரும்பி நிற்பாள். அவ்வளவுதான் அவள் செய்தது. தினமும் பஸ் ஏறினாள், பன்னிரண்டாவது முடித்தாள், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் வேலைக்குச் சேர்ந்தாள். இன்று ஓசூரில் சூப்பர்வைசர்.

தம்பியிடம் பேனர் வேண்டாம் என்று போனில் சொன்னேன். "இன்னாக்கா நீ, ஊரே வெக்கிது. நான் வெக்கலன்னா மாமன்காரனுக்கு வக்கில்லன்னு பேசுவானுங்க" என்றான். பேசட்டும் என்றேன். "அப்ப நான் வர்ல. சீரும் வராது. வேற எவனையாவது மாமன்னு சொல்லிக் குந்த வெச்சிக்க" என்று வைத்துவிட்டான். மாமன் வராத நீராட்டு எங்கள் பக்கம் இழவு வீட்டுக்குச் சமம். "ஒரு நாள் கூத்துதானே, வுடேன்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு அது ஒரு நாளோடு முடியவில்லையே என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மகளிடம் கேட்டேன். நகத்தைப் பார்த்துக்கொண்டே, "மாமா பேனர் வெச்சா நான் அந்த ஸ்டாப்புல நிக்கமாட்டேன்மா" என்றாள்.

"அப்புறம் எப்டி ஸ்கூலுக்குப் போவ?"

"போவல."

சாதாரணமாகச் சொன்னாள். நானும் ஒரு காலத்தில் வயிற்று வலி என்று சாதாரணமாகத்தான் சொன்னேன்.

சிநேகிதிக்கு போன் போட்டேன். "லீவு போட்டுக்கினு வரட்டா? இன்னமும் கம்பம் ஏறுவேன்டி, முட்டிதான் வலிக்கும்" என்றாள்.

"கம்பமே நடக்கூடாது. நான் போய்ப் பேசறேன்."

"யாரு, நீயா?"

"நான்தான்."

தம்பியின் ஆபீசுக்கு நேராகப் போனேன். கூட்டாளிகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உட்காரச் சொன்னான், உட்காரவில்லை. "பேனர் வெச்சா விசேஷமே கெடையாது. நீ அவள இடுப்புல தூக்கிக்கினு திரிஞ்சது ஊருக்கே தெரியும். மூஞ்சிய ரோட்ல கட்டினாதான் நீ மாமனாடா?" என்றேன். கூட்டாளிகள் செல்லைப் பார்க்க ஆரம்பித்தார்கள். "நீயாக்கா பேசற?" என்றான். என் எதிரிலேயே பிரிண்டிங் கடைக்கு போன் போட்டு நிறுத்தச் சொன்னான். ஆனால் வருவேன் என்று சொல்லவில்லை.

சொல்லாமலே நாளை விடியப்போகிறது. என் கவலைகளுக்குக் குறைவில்லை. போட்ட அரிசி போதுமா, மழை வந்தால் பந்தல் தாங்குமா, சிநேகிதி வருகிற ஓசூர் பஸ் நேரத்துக்கு வந்து சேருமா, தம்பி வருவானா. வந்தால் அவனுக்குத்தான் முதல் மரியாதை. வராவிட்டால் என் கையாலேயே என் மகள் தலையில் தண்ணீர் ஊற்றுவேன். யார் வேண்டுமானாலும் எதுவும் பேசிக்கொள்ளட்டும். திங்கட்கிழமை காலை அந்த ஸ்டாப்பில் அவள் முகம் அவள் கழுத்தின் மேல் மட்டும்தான் இருக்கும். பஸ் வரும். அவள் ஏறுவாள். அதைப் பற்றி மட்டும் எனக்குக் கவலையே இல்லை.