நைனா யார் என்று தெரிந்த நாள்

சிறு வயதில் நைனா என்னைத் தோளில் தூக்கிவந்து, திருவள்ளூரில் ஒரு குடும்பத்திடம் வளர்க்க விட்டுப் போனார். எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் திரும்பி வரவில்லை என்ற கோபம் கிழவியான பிறகும் எனக்கு ஆறவில்லை.

வளர்த்த அம்மா சாகும் முன்பு, என்னைப் பெற்றவள் பெயரையும் கவரைப்பேட்டை என்ற ஊரையும் சொன்னார். புது ஆட்களிடம் எனக்குப் பேச்சே வராது. ஆனாலும் விசாரித்து விசாரித்துப் பெற்றவள் வீட்டு வாசலுக்குப் போய்விட்டேன். “நான் இந்த வீட்டில் பொறந்த பொண்ணு” என்றேன்.

அந்த வீட்டுக்கார அம்மா வழியை மறித்தார். “கம்பெனிக்கு நெலம் கேக்குறாங்கன்னதும் பங்குக்கு வந்துட்டியா?”

“எனக்குப் பங்கு வேணாம். எங்க நைனா என்னை ஏன் உட்டுட்டுப் போனாருன்னு தெரியாம நான் போமாட்டேன்.”

“எங்க மாமனாரு செத்து எவ்ளோ காலம் ஆவுது!”

உள்ளேயிருந்து ஒரு பெரியவர் தடியூன்றி வந்தார். “என்னை நைனான்னது எந்தங்கச்சி ஒருத்திதான். அப்பா செத்தப்ப நீ வயித்துல இருந்த. தூக்கி வளத்தது நானு. அம்மாவும் படுத்துட்டா, சோத்துக்கு வழியில்ல. உன்னை உட்டப்ப எனக்கு மீசைகூட மொளைக்கலம்மா. திரும்பி வந்தேன், அவங்க ஊடு மாறிட்டாங்க.”

“இன்னும் இன்னா நின்னுக்கினு? உள்ள வா, நாஷ்டா துன்னு” என்றார் அண்ணி.

இத்தனை வருடமும் ஒரு வளர்ந்த ஆளைத்தான் கோபித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சின்னப் பையனைக் கோபிக்க முடியவில்லை. அண்ணா என்று கூப்பிட வாய் வரவில்லை. இப்போதும் நைனா என்றுதான் கூப்பிடுகிறேன்.