அரை டம்ளர் தண்ணி

இன்னிக்கு காலையில நகரி பஸ் ஸ்டாண்டு மெடிக்கல்ல இசப்கோல் கேட்டேன். மலச்சிக்கலுக்கு எட்டு வருசமா அதான். கூடவே தினம் கீரை, வாழப்பழம்னு துன்னுக்கினுதான் இருக்கேன்.

எப்பவும் பேசாம குடுக்கற கடைக்காரர் இன்னிக்கு உப்பிப்போன என் வயித்தையே பாத்துக்கினு நின்னார்.

"எவ்ளோ தண்ணியில கலக்கறீங்கண்ணா?"

"அரை டம்ளர். மேல குடிச்சா ஒன்னுக்கு எழுந்து போவணும். நாலு தறியை யார் பாத்துக்குவாங்க?"

"கடைசியா எப்ப வெளிக்கி போனீங்க?"

"அஞ்சு நாளாச்சு. அதான் நேத்து டபுளா போட்டேன்."

"வாந்தி?"

"ரெண்டு தரம்."

பாக்கெட்டைத் திரும்ப உள்ள வெச்சுட்டார். "தண்ணி பத்தலைன்னா அது உள்ளயே இறுகிக்கும்ணா"ன்னு சொல்லிக்கினே அவரே ஆட்டோவைக் கூப்ட்டார்.

இப்ப ஆஸ்பத்திரியில படுத்திருக்கேன். டாக்டரம்மா வயித்துல ஸ்டெதாஸ்கோப் வெச்சு ரொம்ப நேரம் கேட்டாங்க. அப்புறம் நர்ஸ்கிட்ட மெதுவா, "சப்தமே லேது"ன்னு தெலுங்குல சொன்னாங்க. குடல் அடைச்சுக்கினு, அது அசையற சத்தமே இல்லையாம். திருப்பதிக்குக் கொண்டுபோவ ஆம்புலன்ஸ் சொல்லியிருக்காங்க.

இருபது வருசமா தறிச் சத்தத்துலயே இருக்கேன். சத்தம் இல்லைன்னதுக்கு பயந்தது இன்னிக்குத்தான்.

தறிக்காரங்களே, இன்னிக்கு எத்தனை சொம்பு தண்ணி குடிச்சீங்க? உண்மையைச் சொல்லுங்க.

இப்ப நாக்கு வறண்டு போயி நானே தண்ணி கேக்கறேன், ஒரு சொட்டுகூடத் தரக்கூடாதாம்.