லூர்துராணி டீச்சரின் இருபது ஓட்டை அட்டை

ஒரு விடைத்தாளைத் திருத்த லூர்துராணி டீச்சருக்குப் பதினைந்து விநாடி போதும். அந்த வேகம் அவருடைய கையில் இல்லை, ஓர் அட்டையில் இருந்தது.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஓர் உதவி பெறும் பள்ளியில் இருபத்தாறு வருடமாக ஆங்கிலம் நடத்துகிறார். வீடு ஸ்ரீரங்கத்தில், மேலூர் ரோட்டில். கணவர் ஸ்டீபன்ராஜ் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீச்சர் தினமும் காலை எட்டேகாலுக்கு டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைக் கடப்பார். பாலத்தில் பஸ் நின்றுவிட்டால் இறங்கி நடப்பாரே தவிர, பள்ளிக்குத் தாமதமாக வந்தது கிடையாது. அவரைச் சிறந்த ஆசிரியை என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஒழுங்கானவர், யாருக்கும் சலுகை காட்டாதவர். இந்த இரண்டையும் சொல்லலாம்.

சுற்றுப்புற ஊர்களில் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும் பள்ளிகள் நிறைய உண்டு. அங்கிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு வருகிறவர்களுக்கு ஆங்கில வழிப் பிரிவில் பத்து இடம். ஒவ்வொரு ஜூனிலும் அதற்கு ஒரு தேர்வு. கேள்விகள் இருபது, வருடா வருடம் அதே தாள். ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியத்தின் தொடக்கம் காலியாக இருக்கும். ஹூ, ஹூம், ஹூஸ், விச், வாட் என்ற ஐந்தில் சரியான கேள்விச் சொல்லைத் தேர்ந்தெடுத்து, விடைத்தாளில் அதற்குரிய கட்டத்தில் டிக் போட வேண்டும். பதின்மூன்று எடுத்தால் தேர்ச்சி. யார், யாரை, யாருடைய, எது, என்ன என்று ஒழுங்காகக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு மற்றதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்பது டீச்சரின் கொள்கை.

திருத்துவதற்கு அவர் செய்துவைத்த அட்டையில் சரியான கட்டங்கள் வரும் இடங்களில் மட்டும் இருபது ஓட்டைகள். விடைத்தாள் மேல் அதை வைத்து, ஓட்டை வழியாகத் தெரியும் டிக்குகளை எண்ணினால் மார்க். பெயரைப் பார்க்க வேண்டாம், ஊரைப் பார்க்க வேண்டாம், கேள்வியைக்கூடப் படிக்க வேண்டாம். ஒரு டீ ஆறுவதற்குள் முப்பது தாள் முடிந்துவிடும். பிள்ளைகள் அவருக்கு 'அட்டை டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியும், உள்ளுக்குள் பிடித்தும் இருந்தது.

சில வருடங்களாக அந்தப் பத்து இடம் நிரம்பவே இல்லை. ஒரு வருடம் மூன்று பேர், ஒரு வருடம் ஒருவர்கூட இல்லை. ஆசிரியர் கூட்டம் ஒன்றில் அவர் எழுந்து, "பசங்களுக்குப் பதில் சொல்ல வருது, கேள்வி கேக்கத்தான் வர மாட்டேங்குது. கைக்கு ஃபோன் வந்ததுலேர்ந்து இப்படித்தான்" என்று பேசினார். கைதட்டினார்கள்.

இந்த ஜூனில் தேர்வு முடிந்த மறுநாள் காலை பதினோரு மணிக்கு, மண்ணச்சநல்லூரிலிருந்து அழகிரி என்பவர் வந்தார். அரிசி ஆலைக் களத்தில் நெல் காயவைக்கிற வேலை. கூடவே இளைய மகள் பானுப்ரியா. பட்டியல் மூன்று மணிக்குத்தான் ஒட்டப்படும். தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டு ஒட்டிவிட்டால் சேர்க்கை முடிந்தது. ஆனால் மார்க் என்ன என்பதைக் கிளார்க் நிஜாமுதீன் அதற்குள் சொல்லியிருந்தார்.

"பாப்பாவுக்குப் பன்னெண்டுன்னு சொன்னாருங்க டீச்சர்."

"ஆமாங்க, ஒண்ணு கம்மி. தமிழ் மீடியத்துல சேத்துவிடுங்க. அதுவும் நாங்க நல்லாத்தான் நடத்துறோம்."

"சேத்துடறேங்க. மூத்தவ மலர்க்கொடியும் ஆறு வருசம் முன்ன இதே பரிச்ச எழுதினா. அவளுக்கும் பன்னெண்டுதான். ரெண்டு பேருக்கும் அந்த ஒண்ணுலயே போயிருக்கு. அது எந்த ஒண்ணுன்னு காட்டிட்டீங்கன்னா நான் கெளம்பிடுவேன்."

"ஒண்ணுன்னு இல்லீங்க, எட்டு தப்பு."

"சரிங்க, எட்டையும் காட்டுங்க. எங்க ரத்தத்துலயே என்ன கோளாறுன்னு தெரிஞ்சுக்கறேன்."

நிஜாமுதீன் ஜன்னல் பக்கமிருந்து சிரித்தார். "அண்ணே, டீச்சர் தப்பு பண்ணாலும் பண்ணுவாங்க, அந்த அட்டை பண்ணாது. பழைய கட்டு எத்தன எடைக்குப் போயிருக்கு, ஒருத்தர் வந்து கேட்டதில்ல."

அது உண்மைதான். கேள்விச் சொற்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அந்தத் தேர்வைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. டீச்சர் எரிச்சல் பாதியும் கடமை பாதியுமாகப் பானுப்ரியாவின் தாளை எடுத்து அதன் மேல் அட்டையை வைத்தார். பிறகு, பல வருடங்களில் முதல்முறையாக, கேள்வித்தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

முதல் பக்கத்துப் பத்தும் சரி. பதினொன்றும் சரி. பன்னிரண்டில் பெண் ஹூஸ் போட்டிருந்தாள், ஓட்டையோ ஹூ கட்டத்தின் மேல் இருந்தது.

"இங்க பாரும்மா, இது தப்பு. கேள்வி என்னன்னு படி."

பானுப்ரியா படித்தாள். இது யாருடைய சைக்கிள் என்று கேட்கும் வாக்கியம். யாருடைய என்றால் ஹூஸ்தான்.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைப் பார்த்தார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்ற வாக்கியத்துக்கு அவள் வாட் போட்டிருந்தாள். ஓட்டை ஹூஸ் மேல் இருந்தது. பதினான்கு, நேற்று நீ யாரைப் பார்த்தாய். அவள் ஹூம் போட்டிருந்தாள். ஓட்டை விச் மேல்.

"நீங்க உக்காருங்க" என்றார் அழகிரியிடம். அவர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்.

ஆறு வருடத்துக்கு முன் கேள்வித்தாளின் பழைய பிரதி மங்கிப்போனதால், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் டீச்சர் அதைப் புதிதாக அடிக்கக் கொடுத்தார். பழைய தாளின் இரண்டாம் பக்கத்தில் கேள்விகள் இரண்டு வரிசையாக இருந்தன. எண்கள் குறுக்காக ஓடும்: இடது பக்கம் பதினொன்று, வலது பக்கம் பன்னிரண்டு, மறுபடி இடது பக்கம் பதின்மூன்று. கடைக்காரர் இடது வரிசையை மேலிருந்து கீழ் முடித்துவிட்டு, பிறகு வலது வரிசைக்குப் போனார். கேள்விகள் எல்லாம் இருந்தன, எண்கள் மாறிவிட்டன. "ஒரு தடவ பாத்துக்குங்க டீச்சர்" என்று கொடுத்தார். டீச்சர் பார்த்தார். ஓர் இடத்தில் கேள்விக்குறி விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்து அவரைக் கடிந்துகொண்டார். அட்டை மட்டும் பழையதாகவே இருந்தது.

கேள்விகளில் பதினொன்றும் இருபதும் மட்டும் பழைய எண்ணிலேயே நின்றன. நடுவில் எட்டு கேள்விகள் இடம் மாறிவிட்டன, அந்த எட்டில் ஒன்றின் விடைகூட ஓட்டைக்கு நேராக வரவில்லை. எனவே எல்லாவற்றையும் சரியாக எழுதிய பிள்ளைக்குப் பன்னிரண்டு. அதற்கு மேல் வர வழியே இல்லை. பதின்மூன்று எடுத்துத் தேறிய ஒவ்வொருவரும் இரண்டாம் பக்கத்தில் குறைந்தது ஒரு விடையையாவது தப்பாக எழுதியவர்கள்.

டீச்சர் பீரோவிலிருந்து மார்க் பதிவேட்டை எடுத்தார். கொரோனா வந்த இரண்டு ஜூன்களில் தேர்வு இல்லை. இந்த வருடத்துக்கு முன் நான்கு தேர்வு நடந்திருந்தது. விரலை வைத்துக் கீழே இறங்கினார். பன்னிரண்டு, ஒன்பது, பன்னிரண்டு, பதினொன்று, பன்னிரண்டு, பன்னிரண்டு. எல்லாம் அவர் கையெழுத்து, சிவப்பு மையில் அழகான எண்கள். பன்னிரண்டு மட்டும் இருபத்துமூன்று பேருக்கு. இதே பக்கங்களை வைத்துக்கொண்டுதான் பிள்ளைகளுக்குக் கேட்கத் தெரியவில்லை என்று கூட்டத்தில் பேசினார். கண்ணெதிரே இருந்ததை அவர் பார்க்காமல் இல்லை. பார்த்து, அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார். மனிதர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஏமாறுகிறார்கள். விளக்கம் கிடைத்துவிட்டால் பிறகு யாரும் தேடுவதில்லை.

டீச்சர் தண்ணீர் குடிக்கப் போய் டம்ளரை எடுக்காமலே திரும்பி வந்தார்.

தலைமையாசிரியை அனிஷா அவரைவிடப் பத்து வயது சின்னவர். கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டார். மேசைமேல் இருந்த காலண்டரைத் தன் பக்கம் திருப்பினார்.

"இந்த வருஷத்துத் தாளத் திருத்திக் குடுத்துடுங்க டீச்சர். மூணு மணிக்குச் சரியான லிஸ்ட் ஒட்டிடலாம். பழச எடுக்க வேணாம்."

"பழசுல பன்னெண்டு எடுத்தவங்க மட்டும் இருபத்துமூணு பேரு இருக்காங்கம்மா."

"இருக்கட்டும். இப்ப அவங்களுக்கு என்ன குடுக்க முடியும்? ஒன்பதாங் கிளாஸா? கல்வி ஆபீஸுக்கு விஷயம் போனா உங்களுக்கு மெமோ. ரெண்டு வருஷத்துல ரிட்டயர்மெண்ட். யோசிச்சுக்குங்க."

அனிஷா சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை.

அன்று முப்பத்தாறு தாள்களையும் டீச்சர் அட்டை இல்லாமல் திருத்தினார். ஒவ்வொரு கேள்வியையும் படித்தார். இரண்டரை மணி நேரம் ஆனது. ஒன்பது பேர் தேறினார்கள், முதலில் அட்டையில் தேறியிருந்த இருவரும் அதில் இருந்தார்கள். பானுப்ரியாவுக்கு இருபது. மூன்று மணிக்குப் பட்டியல் பலகையில் ஏறியது. பெண் தன் பெயரைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவர் அசையவில்லை.

"காலையில பன்னெண்டுங்க. இப்ப இருபதா?"

இந்த இடத்தில் டீச்சர் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். கூட்டலில் தவறு என்றால் அழகிரி நம்பியிருப்பார். ஆனால் டீச்சர் வாசலிலேயே நின்று நடந்ததைச் சொன்னார், எண்கள் மாறியது முதல் அட்டை வரை. நிஜாமுதீன் ஸ்டேப்ளரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

அழகிரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சந்தோஷம் வரவேண்டிய முகத்தில் அது வரவில்லை.

"அப்ப பெரியவளுக்கும் இருபதா?"

"அவ தாளு இப்ப இல்லீங்க. ஆனா அப்படித்தான் இருக்கணும்."

"பத்தாவதோட நிறுத்திட்டாங்க அவ. தனக்கு மண்டையில ஏறலன்னு அவளே சொல்லிக்கிட்டா. நாங்களும் சரின்னுட்டோம்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "இத நான் யார்கிட்டங்க கேக்கறது?" என்றார்.

"என்கிட்டதாங்க கேக்கணும்" என்றார் டீச்சர். "அவ இப்ப எங்க இருக்கா?"

மலர்க்கொடி சின்னக்கடை வீதியில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்தாள். அழகிரி ஃபோனைப் போட்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டு டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். மறுமுனையில் ஃபேன் சத்தமும் யாரோ விலை கேட்கும் சத்தமும் வந்துகொண்டிருந்தன.

"தங்கச்சிக்குக் கெடச்சிருச்சுல்ல டீச்சர்?"

"கெடச்சிருச்சும்மா."

"அப்ப சரி." வைத்துவிட்டாளோ என்று டீச்சர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு அவள் குரல் கேட்டது. "அதுல பதினாலாவது கேள்வி, நேத்து யாரப் பாத்தேன்னு வரும். நான் ஹூம் போட்டேன். அந்த ஒரு மார்க்கு அதுலதான் போச்சுன்னு இத்தன வருசமும் நெனச்சுக்கிட்டிருந்தேன். கடையில யாராவது இங்கிலீஷ்ல கேட்டா பின்னால போய் நின்னுக்குவேன்."

டீச்சர் ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அது சரியா டீச்சர்?"

"சரிம்மா. சரியாத்தான் போட்டிருக்க."

"ம்" என்றாள் மலர்க்கொடி. "ஆள் நிக்குது. வெக்கிறேன்."

டீச்சர் ஃபோனை அழகிரியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். பதிவேட்டைத் திறந்து, ஒரு வெள்ளைத்தாளில் 'மலர்க்கொடி, மண்ணச்சநல்லூர்' என்று எழுதி, அதன் கீழே, பன்னிரண்டு எடுத்தவர்களில் அடுத்துச் சொல்ல வேண்டியவரின் பெயரை எழுதத் தொடங்கினார். அனிஷா அறை வாசலில் வந்து நின்றார். தாளில் ஏறிக்கொண்டிருந்த பெயர்களைப் பார்த்துவிட்டு, தடுக்காமல் திரும்பிப் போனார்.