சனிக்கிழமைக் குளியல்

ஆட்டுக்குட்டியை ஞாயிறு ஆராதனைக்குக் கூட்டிப் போக ஆசைப்பட்டு, அதைச் சவுக்காரம் போட்டுக் குளிப்பாட்டிய மடையன் எங்கள் சபையிலேயே நான் ஒருவன்தான். இன்று அக்கா வீட்டில் ஆடு ஈன்றிருக்கிறது. ஈரமும் சீம்பாலும் கலந்த அந்த வாடை என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டது.

ஊருக்குள் பஸ்ஸே வராத ராஜா காலத்தில், இப்போது பஸ் நிற்கும் இடத்தில் சக்கை என்று நாங்கள் சொல்லும் ஒரு பலா மரமும் அதனடியில் அக்காவின் ஆட்டுக் கொட்டிலும் இருந்தன. மேலே இலை உதிரும் சத்தம், கீழே தாய் ஆடு அதை மெல்லும் சத்தம், நடுவே பால் குடிக்கும் குட்டியின் வால் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளையெல்லாம் அம்மா தேய்த்துக் குளிப்பாட்டி மறுநாள் ஆராதனைக்குத் தயார் செய்வது வழக்கம் என்பதால், பிறந்த மறுநாளே ஒரு குட்டியையும் நான் அந்த வரிசையில் சேர்த்து, என்னைவிட வெள்ளையாக்கி, பெருமையோடு கொட்டிலில் விட்டேன். தாய் முகர்ந்தது, மறுபடி முகர்ந்தது, யார் வீட்டுப் பிள்ளையோ என்பதுபோல் முட்டித் தள்ளியது.

“ஏலே, அதுக்க மணத்தையே கழுவிட்டியே! தள்ளைக்கு இனி பிள்ளையை எப்பிடிலே தெரியும்?” என்று அக்கா அழுதாள்.

துணியைப் பாலில் நனைத்து ஊட்டினோம். அது தாயைப் பார்த்தே கத்திக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை விடியும்போது கத்தல் நின்றிருந்தது. சக்கை மரத்தடியில்தான் புதைத்தோம்.

இன்று, ஆடு வளர்ப்பில் இத்தனை அனுபவமுள்ள கிழவனாக, புதுக்குட்டியைத் தூக்கக் குனிந்தேன்.

“தொடாத, மக்கா,” என்றாள் அக்கா.