மூடி ஓட்டிய இன்ஜின்

சின்ன இன்ஜின் சூடானால் ஊரில் எல்லோருமே வைத்தியர்கள். அவர்கள் கை ஓய்ந்த பிறகுதான் மெக்கானிக் நினைவுக்கு வருவார். மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் படிக்கிறவள் நான்; விடுமுறையில் ஒண்டிக்கடை என்கிற எங்கள் மலையூரில், சித்தப்பாவின் ரிப்பேர் கடையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது இது. இதே தொழிலில் அவதிப்படுகிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா!

வேர்த்தால் சட்டை

வாழவந்தி ராமண்ணன் காலையில் தன் இன்ஜினை பைக்கில் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார். காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்ப்பரை ஓட்டுகிற பழைய இன்ஜின். கால் மணி நேரத்தில் கொதித்து நின்றுவிடுகிறதாம். "நேத்துப் பறிச்ச ஆறு மூட்டைப் பழம் ஊட்டுல கெடக்குது கண்ணு. இன்னிக்கு உரிக்கலீன்னா புளிச்சு நாறிப்போயிரும்" என்றார்.

பார்த்தால், இன்ஜின் அம்மணமாக நிற்கிறது! காற்றாடியைச் சுற்றியிருக்கும் தகர மூடியைக் காணோம். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று அவரே கழற்றிவிட்டாராம். எனக்கு வந்ததே கோபம். "அண்ணா, இதுல தண்ணியும் கிடையாது, ரேடியேட்டரும் கிடையாது. காத்தாடி விடற காத்தைப் பிடிச்சு சிலிண்டர் மேல தள்ளறதே அந்த மூடிதான். அது இல்லேன்னா காத்து நாலாபக்கமும் சிதறிப் போயிடும்" என்று வாதாடினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏங்கண்ணு, வேர்த்தா நாம சட்டையக் கழட்டுறோம். இது மட்டும் போட்டுக்கோணுமா?"

சிக்னல் செய்த வேலை

மூடியைத் தேடி மாட்டச் சொல்லி அனுப்பினேன். மதியம் போன் வந்தது. எங்கள் மலையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். அவர் என்ன கேட்டாரோ, எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. "மூடியோட ஓட்டுங்க அண்ணா, மூடியோட!" என்று கத்தினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி போன்: "மூடியக் காணோமே என்ன பண்றதுன்னு கேட்டேன். நீ மூடி ஓட்டுங்கன்னே. ஈரச் சாக்கைப் போட்டு நல்லா மூடித்தான் ஓட்டுனேன் கண்ணு, அஞ்சே நிமிசத்துல நின்னுபோச்சு!"

கோழிக்குஞ்சு

பழம் புளித்தால் பழி என் தலையில்தான். ஸ்பானரையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வாழவந்தி போனேன். சாக்கை உருவி, ஆறவிட்டுப் பார்த்தால், சிலிண்டரைச் சுற்றிச் சூட்டை வெளியேற்றும் செதில்களின் இடுக்கெல்லாம் மண்ணும் காய்ந்த பழத்தோலும். காற்று எந்த வழியாகப் போகும்? முதலில் சூடானதே இதனால்தான்! காலையில் மூடிக்காக வாதாடிய வேகத்தில் இதை நான் கவனிக்கவே இல்லை. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன்.

"மூடி இல்லாம ஓட்டவே மாட்டேன்" என்று நான் முற்றத்தில் நின்று கத்த, ராமண்ணன் மனைவி சரசக்கா வெளியே வந்தார். கொல்லைக்குப் போய், மூன்று கோழிக்குஞ்சுகள் மேல் கவிழ்த்திருந்த தகரத்தை எடுத்துவந்து நீட்டினார். அதேதான்! மாட்டினேன். கால் மணி தாண்டியது, அரை மணி தாண்டியது, இன்ஜின் நிற்கவில்லை. பொழுது சாய்வதற்குள் ஆறு மூட்டையும் உரிந்து தொட்டிக்குள் போய்விட்டது.

"இப்பவாவது ஒத்துக்கறீங்களாண்ணா?" என்று நான் மறுபடி ஆரம்பித்தேன். பதில் சரசக்காவிடமிருந்து வந்தது: "நொம்ப நல்லா வாதாடுறே சாமி. ஆனா மூடியக் காணோம்னு ரெண்டு பேருல ஒருத்தராச்சும் என்னைக் கேட்டீங்களா?"

சின்ன இன்ஜினை ஆறவைக்கக் காற்றுப் போதும். இன்ஜினியரிங் படிக்கிறவளை ஆறவைக்க ஒரு சரசக்கா வேண்டியிருக்கிறது.