பாதி வரைந்தால் போதாத படம்

ஒரு பாடம் புரிந்துவிட்டதா இல்லையா என்பது எனக்கு எப்போதுமே குழப்பம்தான். இப்போது நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். "புரிஞ்சுதா?" என்று மேடம் கேட்டால் மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டிவிட்டு, வராந்தாவுக்கு வந்த பிறகுதான் எதற்குத் தலையாட்டினோம் என்று யோசிப்பேன். பசித்தால் வயிறு சொல்கிறது, புரிந்தால் சொல்வதற்கு உடம்பில் ஒன்றும் இல்லையே என்ற கோபம் எனக்குப் பதினொன்றாம் வகுப்பிலிருந்தே உண்டு.

பதினொன்றில் உயிரியல் பிரிவு எனக்குக் கிடைத்ததே அப்பா வாயைத் திறந்ததால்தான். அப்பா ஆரணியில் பட்டு நெய்கிறவர். வெளியிடங்களில் அவர் பேசி நான் பார்த்ததில்லை. பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்த தலைமையாசிரியை, "இது பத்தாதுங்க, காமர்ஸ் எடுக்கச் சொல்லுங்க" என்றதும் நான் எழுந்துவிட்டேன். அப்பா எழவில்லை.

"சேத்துக்கோங்கம்மா. எம் பொண்ணு படிச்சிடும். படிக்கலன்னா நானே வந்து இட்டுகினு போய் அந்தக் கிளாஸ்ல குந்த வெக்கிறேன்."

தலைமையாசிரியை சிரித்துவிட்டார். காலாண்டுத் தேர்வு வரை பார்ப்போம், உயிரியலில் தேறாவிட்டால் காமர்ஸ் என்று முடிவானது. வருடத்துக்குப் பேச வேண்டியதை அப்பா அங்கேயே பேசித் தீர்த்துவிட்டார் போலிருந்தது. தேறாமல் போனால் மாறப்போவது என் வகுப்பு மட்டுமில்லை, அப்பா சொன்ன சொல்லும் போய்விடும்.

நான் படிக்கிற விதம் ஒன்றே ஒன்றுதான். காலையில் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா மிதிக்கிற மிதிக்கு ஒரு வரி என்று கத்துவேன். தறி நின்றால் நானும் நிற்பேன். எனக்கு எந்த வரியாவது விட்டுப்போனால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். "நடுவுல ஒண்ணு வுட்டுட்ட" என்பார். அர்த்தம் தெரிந்து சொல்வதில்லை, ஓசை தட்டுகிறது என்பதை வைத்துச் சொல்வார். இப்படியே பத்தாம் வகுப்பு வரை வண்டி ஓடியது.

முதல் இடைப்பருவத் தேர்வில் குப்புற விழுந்தேன். 'நுரையீரல் சிரையில் ஓடும் இரத்தம் மற்ற சிரைகளில் ஓடும் இரத்தத்திலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது? ஏன்?' என்று கேட்டிருந்தார்கள். சிரை என்றால் இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய் என்று தெரியும், 'எவ்வாறு' வரை கூடச் சமாளித்திருப்பேன். அந்த 'ஏன்' தனியாக உட்கார்ந்து என்னை முறைத்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பாடம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதுதான். 'மனித இதயம் நான்கு அறைகளைக் கொண்டது' என்று தொடங்கி மூன்று பக்கம் எழுதினேன். கேட்டது அந்த மூன்று பக்கத்துக்குள் எங்காவது இருக்கும், தேடி எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். விலங்கியல் டீச்சர் தேடவில்லை. சிவப்பு மையில் 'கேட்டது இது இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தார்.

அந்த வாரம்தான் அவர் வகுப்பில் மைண்ட் மேப் என்று ஒன்றைக் கரும்பலகையில் போட்டார். நடுவில் ஒரு வட்டம், அதில் 'இதயம்' என்று ஒரே வார்த்தை. அதிலிருந்து கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் ஒரு கேள்வியாம். எங்கிருந்து வருது, எங்கே போகுது, ஏன் போகுது.

"மொதல்ல புக்கப் படி. அப்புறம் மூடிட்டு வரை. கை எங்க நிக்குதோ அங்கதான் உனக்குப் புரியல. அந்த எடத்த மட்டும் மறுபடி படி. மறுநாள் மறுபடி வெறும் தாள்ல வரை. மனப்பாடம் பண்ணாத, புரிஞ்சுக்கோ" என்றார்.

புரிஞ்சுக்கோ! தண்ணீர் கொண்டு வா என்பது போல எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது எனக்கு. இருந்தாலும் வீட்டில் போய் உட்கார்ந்தேன். புத்தகத்தை மூடினேன். மேலே வலது ஆரிக்கிள் என்ற அறை, கீழே வலது வெண்ட்ரிக்கிள் என்ற அறை, அங்கிருந்து நுரையீரல். அதோடு கை நின்றுவிட்டது.

அப்பா, கால் வைத்து மிதிக்கும் தறிக்குழியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னா அது?"

"இதயம்ப்பா. நாலு அறை. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியா?"

"பேரு ஒரே பேருதான். வலது, இடதுன்னு வரும், அவ்ளோதான்."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. தறியை விட்டு எழுந்து வந்தார். சேலைக் கரைக்கு டிசைன் போடுவது அவருக்குக் கைவந்த வேலை. எதிரெதிரே இரண்டு அன்னம் வர வேண்டுமென்றால் கிராஃப் தாளில் ஒரு அன்னத்தைத்தான் போடுவார். மற்றதைத் தறி மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டி தானே திருப்பிப் போட்டுக்கொள்ளும். எங்கள் தெருவில் யாரும் ஒரு டிசைனை முழுதாக வரைந்து நான் கண்டதில்லை. முழுதாக வரைகிறவனை வேலை தெரியாதவன் என்பார்கள்.

"இதுக்கா இவ்ளோ பேஜாரு? பாதி போட்டுட்ட இல்ல, மடிச்சு அப்படியே எடு" என்றார். ஒரு கிராஃப் தாளைக் கொண்டுவந்து, நான் போட்டதைக் கட்டம் எண்ணி அழகாக வரைந்தார். தாளை இரண்டாக மடித்து வெளிச்சத்தில் பிடித்து மறுபாதியையும் எடுத்தார். அறைக்கு அறை, அம்புக்கு அம்பு. கடைசியில் ஒரு கட்டம் கூடப் பிசகாத இதயம் வந்தது. என் படிப்பில் அவர் கை வைத்தது அதுதான் முதல் தடவை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். சேலைக் கரையில் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும் என்றாள் அம்மா.

எனக்கும் சந்தோஷம்தான். கை எங்கேயும் நிற்கவில்லையே, அப்படியானால் புரிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

அதையே நோட்டில் வரைந்து மறுநாள் டீச்சரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அழகா இருக்கு. தப்பு" என்றார்.

எது தப்பு என்று சொல்லவில்லை. "நீதான் ஒரு சொட்டு ரத்தம். கால்லேருந்து கிளம்பு. விரலை வெச்சு நடந்து காட்டு."

வைத்தேன். காலிலிருந்து வலது ஆரிக்கிள், வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல். நுரையீரலிலிருந்து வெளியே வர வழியில்லை. சரி, இடது பக்கமாக வருவோம் என்று மறுபடி காலிலிருந்து கிளம்பினேன். இடது ஆரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள், மறுபடி நுரையீரல். அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

"ஆள் செத்துட்டான்" என்றார் டீச்சர்.

வகுப்பே சிரித்தது. எனக்கு அவமானத்தை விடக் குழப்பம்தான் அதிகம். இரண்டு கண்ணும் பார்க்கின்றன, இரண்டு காதும் கேட்கின்றன. ஒரே பேர் கொண்ட அறைகளை இரண்டு பக்கமும் வைத்துவிட்டு, ஒரு பக்கம் ஒரு வேலை, மறுபக்கம் வேறு வேலை என்றால் என்ன நியாயம்? புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு வரியும் தெரிந்த வரிதான். சேர்த்துப் படித்தால் தலை கால் புரியவில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்த தோழி கண்ணமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அவள் அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மதியம் சாப்பிடும்போது நான் புலம்பிக்கொண்டே இருந்தேன். "எதுக்குடி இந்த ரத்தம் ஒரு சுத்துக்கு ரெண்டு வாட்டி இதயத்துக்கு வருது?"

அவள் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "எங்கப்பா பஸ்ஸு கூடத்தான் ரெண்டு வாட்டி ஆரணிக்கு வருது. கண்ணமங்கலம் போயிட்டு ஆரணிக்கு வந்து, ஆளு ஏத்திகினு தெள்ளாருக்குப் போவுது. அங்கேருந்து திரும்ப ஆரணி. ஆரணிக்கு வராம எங்க போவ முடியும்?"

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். "இரு. கண்ணமங்கலம் கிட்ட. தெள்ளாரு தூரம்."

"ஆமா. அந்த ட்ரிப்புக்குத்தான் டீசல் ஜாஸ்தி குடிக்கும்."

நுரையீரல் பக்கத்தில் இருக்கிறது. கால் கட்டைவிரல் தூரத்தில் இருக்கிறது. இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் தடித்திருக்கும் என்று நூறு தடவை கத்தியிருக்கிறேன். எதற்குத் தடித்திருக்கிறது என்று ஒரு தடவையாவது கேட்டேனா? தூரத்துக்குத் தள்ள வேண்டும், அதற்குத்தான். டப்பாவை மூடாமலே நோட்டை எடுத்து நடுவில் ஆரணி என்று எழுதினேன். ஒரு பக்கம் நுரையீரலுக்குக் கண்ணமங்கலம், மறுபக்கம் உடம்புக்குத் தெள்ளார். பஸ் ஸ்டாண்டின் நடுவில் ஒரு சுவர், இரண்டு பிளாட்பாரம் கலக்கக் கூடாது. கண்ணமங்கலத்தில் ஏறுவது ஆக்சிஜன், தெள்ளாரில் இறங்குவது ஆக்சிஜன். ஆக்சிஜனோடு வருகிற ரத்தத்துக்குச் சிவப்பு, இறக்கிவிட்டு வருவதற்கு நீலம். விரலை வைத்து நடந்தேன். ஒரு சுற்று முடித்துக் கிளம்பிய இடத்துக்கே வந்தேன். ஆள் சாகவில்லை.

அப்போதும் இதுதான் புரிதலா, இல்லை பஸ் ரூட்டை மனப்பாடம் செய்துவிட்டேனா என்ற சந்தேகம் போகவில்லை.

காலாண்டுக்கு முந்தைய வாரம் முழுக்க, காலையில் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் தாளில் வரைந்தேன், வாய்விட்டு எனக்கு நானே சொன்னேன். நின்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். அப்பா நெய்துகொண்டே இருந்தார். அவர் தலைக்கு நேரே சுவரில், அவர் போட்டுக் கொடுத்த இதயம் காலண்டருக்குக் கீழே ஒட்டியிருந்தது. அது தப்பு என்று சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தேன். தினமும் அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் தாளைப் புரட்டிப் பாடத்தைத் தொடர்ந்துவிடுவேன்.

காலாண்டில் 'இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடித்துள்ளது?' என்று வந்தது. மற்ற கேள்விகளுக்குத் தட்டுத் தடுமாறித்தான் எழுதினேன். ஆனாலும் உயிரியலில் தேறிவிட்டேன். பேப்பரை அப்பாவிடம் நீட்டினேன்.

"நாம போட்ட படம்" என்றார் சுவரைக் காட்டி.

நான் சுவரைப் பார்க்காமலே தலையாட்டினேன். உள்ளே போய்விட்டேன். அன்றிலிருந்து அந்தச் சுவர்ப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா அதைக் காட்டினால் எனக்குக் கூச்சமாக இருக்கும். பொய் சொன்னது நானா, சொல்லாமல் விட்டது பொய்யா, அதுவும் குழப்பம்தான்.

போன மாதம் விடுமுறைக்கு வந்தபோது வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். சுவரிலிருந்ததை எல்லாம் எடுக்கச் சொன்னாள் அம்மா. காலண்டரை எடுத்தேன். கிராஃப் தாளை உரிக்கும்போதுதான் வருடக்கணக்கில் பார்க்காததைப் பார்த்தேன்.

இரண்டு பாதியும் ஒரே மாதிரி இல்லை.

இடது பாதியை அழித்து மறுபடி வரைந்திருந்தார். அழித்த இடத்தில் தாள் தேய்ந்து போயிருந்தது. இடது வெண்ட்ரிக்கிளுக்கு மட்டும் சுவர் கூடுதலாக மூன்று கட்டம். நுரையீரலிலிருந்து ஒரு அம்பு இடது பக்கத்துக்கு வந்தது. அங்கிருந்து ஒன்று உடம்புக்குப் போனது. ஓரத்தில் பென்சிலில் சின்னதாக 'கண்ணமங்கலம்', 'தெள்ளார்'.

தறிக்குழியின் ஓரத்தில் போய் நின்றேன். "இத எப்பப்பா மாத்துன?"

அப்பா குறுக்கே ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்தினார். "நீ பரீட்சைக்குப் போன அன்னிக்கே. பரீட்சைக்கு முந்தி நீ பஸ்ஸு பஸ்ஸுன்னு சொல்லிகினு இருந்த இல்ல? கேட்டுகினுதான் இருந்தேன். அப்பதான் நம்ம போட்டது தப்புன்னு தெரிஞ்சிது."

"ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவன்னு பாத்தேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடம் அவர் மனம் நோகக் கூடாதென்று நான் பேசாமல் இருந்தேன். தப்பைத் திருத்தி, வந்தவர்கள் எல்லோருக்கும் சரியான படத்தைக் காட்டிக்கொண்டு, நான் சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். பாடத்தை விடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதரே எனக்குப் புரியவில்லை.

தாளைக் கீழே வைக்கப் போனேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. நுரையீரலிலிருந்து இடது பக்கத்துக்கு வரும் அம்புக்கு நீலம் பூசியிருந்தார். வாயை மூடிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"அப்பா, இது தப்பு. இங்க சிவப்பு வரணும்."

"நீதான சிரைன்னா நீலம்னு கத்துன? இதுவும் சிரைதான?"

"சிரைதான். ஆனா இதுக்குச் சிவப்பு."

அப்பா குழியிலிருந்து மேலே ஏறி வந்தார். என் கையிலிருந்த தாளை வாங்கித் தரையில் விரித்தார். அதன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நீல அம்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன்?" என்றார்.

நான் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.