ஊர்ச் சாவு

எங்கள் பழவேற்காட்டு ஏரிப் பக்கத்து ஊர்களில் ஒருவர் செத்துவிட்டால் படகு இறங்காது. அம்மன் கோயில் மைக்கில், "இன்னிக்கு ஊர்ச் சாவு, யாரும் தொழிலுக்குப் போவாதீங்க" என்று ஒரு குரல் வந்துவிட்டால் போதும். ஏரியில் வலை போடுகிறவர்களும் சரி, முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிறவர்களும் சரி, பிணத்தை எடுக்கும் வரை கரையில்தான். செத்தவன் ஊரெல்லாம் கடன் வைத்தவனாக, வாயைத் திறந்தால் சண்டை போடுகிறவனாக இருந்தாலும் அவனுக்காக நிற்பார்கள். அந்த ஒரு விஷயத்தில் இந்த ஊரை யாரும் குறை சொல்ல முடியாது.

என் அம்மாவுக்கு யாரும் படகை நிறுத்தவில்லை. நிறுத்துவதற்குப் படகே இல்லை. சுனாமி அன்று காலையில் அவளோடு சேர்ந்து எங்கள் குப்பத்துப் படகுகளும் போய்விட்டன. நைனா, என் அப்பா, கடைசி வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் போனதைச் சொல்லி அழமாட்டார். ஒரு பந்தல் இல்லை, கரையில் நின்ற நாலு படகு இல்லை, நாய் மாதிரிப் போய்ட்டாளே என்றுதான் அழுவார்.

அதற்கப்புறம் அரசாங்கம் எங்களைக் கடற்கரையிலிருந்து தூக்கி, ஏரியோரத்தில் வேறொரு ஊரை ஒட்டிக் குடிவைத்தது. கான்கிரீட் வீடுகள், வரிசை வரிசையாக. சுனாமி காலனி என்று பெயர். அந்த ஊர்க்காரர்கள் ஆடு மேய்த்து, வலை காயவைத்த இடம் அது. கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று அவர்களுக்குக் கோபம். நியாயமான கோபம்தான், எனக்கும் தெரியும்.

ஆனால் முதல் மாசங்களில் எங்களுக்குக் கஞ்சி ஊற்றியதும் அவர்களேதான். கோயில் மைக்கில் பேசும் ஊர்ப் பெரியவர் தானே அண்டாவைத் தூக்கிவந்து நின்றார். பிறகு லாரியில் அரிசி வந்தது, பாத்திரம் வந்தது, வீட்டுக்குப் பட்டா வந்தது. வர வர அவர்கள் முகம் மாறியது. அவர்கள் ஓலைக் கூரைக்குக் கீழே ஒழுகலில் படுத்திருக்க, எங்களுக்குத் தளம் போட்ட வீடு. டீக்கடைக்குப் போனால், "வாங்க கவர்மெண்டு மாப்ள" என்று நைனாவைக் கூப்பிடுவார்கள். அவர் சிரித்துவிட்டு டீ வாங்குவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர்களுக்குள் ஒரு முறை இருக்கிறது. பாடு என்பார்கள். காலனிக்குப் பாடு கிடையாது. நைனா ஒரு தடவை கேட்கப் போனார். "உங்களுக்குதான் கவர்மெண்டு கீதே. எங்க பங்குல இன்னாத்துக்குக் கை வெக்கிறீங்க?" என்று அனுப்பிவிட்டார்கள். சொந்தப் படகில் கடலுக்குப் போன மனுஷன் அதன் பிறகு அவர்கள் படகிலேயே கூலிக்குப் போனார்.

வருஷங்கள் ஓடின. வீட்டுத் தளம் பெயர்ந்து கம்பி தெரிந்தது. அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் பூட்டிவிட்டு எண்ணூர், காசிமேடு என்று போய்விட்டார்கள். எங்கள் வரிசையில் எங்களையும் கடைசி வீட்டுக்காரரையும் தவிர எல்லாக் கதவிலும் துருப்பிடித்த பூட்டு. அனுப்பம்பட்டில் என்னைக் கட்டிக்கொடுத்த கல்யாணமும் நிலைக்கவில்லை, நான் திரும்பி வந்து நைனாவோடு இருந்தேன். பழவேற்காட்டில் நண்டு தரம் பிரிக்கும் கொட்டகையில் எனக்கு வேலை. தினமும் ஷேர் ஆட்டோ.

காலனி வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டித் தரப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியபோது, அந்த ஆட்டோவில் காதை மூடிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. என் எதிரே உட்கார்ந்திருந்த மீன்காரம்மா, நான் யாரென்று தெரிந்தே சொன்னாள்.

"விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குதான். இவங்களுக்கு இருவது வருசமா விருந்து. போன பொயல்ல எங்கூடு போச்சே, ஒருத்தன் எட்டிப் பாத்தானா?"

அவள் வீடு போனது உண்மை. யாரும் எட்டிப் பார்க்காததும் உண்மை. ஆனால் அது என்னால் போகவில்லையே என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் நான் இறங்கும் வரை நீளும்.

வீட்டில் வந்து பொரிந்து தள்ளினால் நைனா காது கொடுக்கமாட்டார். அவருக்கு வேறொரு கணக்கு இருந்தது. ஊரில் யார் செத்தாலும் அவர் தொழிலுக்குப் போகமாட்டார். பக்கத்து ஊர்ப் படகில் கூப்பிட்டாலும் போகமாட்டார். வேட்டி மாற்றிக்கொண்டு, பந்தலில் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்து, எடுக்கும் வரை இருந்து, சுடுகாடு வரை நடந்து வருவார். அன்று கூலி இல்லை, வெறும் கஞ்சிதான். நான் முணுமுணுத்தால் சொல்வார்:

"நாம அவங்களுக்கு நின்னாதான் அவங்க நமக்கு நிப்பாங்க. உங்கம்மா மாரி நான் போவ மாட்டேன். எனக்கு ஊரு நிக்கும், பாரு."

அவருடைய ஆசை அவ்வளவுதான். இடித்துக் கட்டும் புது வீடு வேண்டாம், பாடு வேண்டாம். அவர் சாகிற அன்று இந்த ஊர் தன் படகுகளை நிறுத்த வேண்டும்.

அவர் போனது ஒரு காலைப் பொழுதில். வாசல்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். நான் கூப்பிடக் கூப்பிட அவர் திரும்பவில்லை. என் சத்தம் கேட்டுக் கடைசி வீட்டுக்காரர் ஓடிவந்து பார்த்துவிட்டு, ஊருக்குச் சொல்லப் போனார்.

ஊர் வந்தது. நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆம்பளைகள் கூட்டம் கூட்டமாக வந்து எங்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். நாற்காலி பற்றாமல் மணலில் உட்கார்ந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே பார்த்தால் ஏரிக்கரை தெரிந்தது, படகுகள் ஒன்று விடாமல் கரையில் நின்றன. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அந்த அழுகைக்கு நடுவில் எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. குனிந்து நைனாவின் காதில், "நின்னுட்டாங்க நைனா" என்றேன்.

என்னைப் பிடித்துக்கொண்டிருந்த ஊர்ப் பெண்ணிடம், "மைக்ல சொன்னாங்களாக்கா?" என்று கேட்டேன். அழுத அழுகையில் என் காதில் விழவில்லை என்று நினைத்திருந்தேன்.

"நேத்தே சொல்லிட்டாங்களே," என்றாள் அவள்.

"நேத்தா?"

"ராக்கெட்டு வுடுறாங்கோ இல்ல, யாரும் போவக் கூடாதுனு."

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் எங்கள் பக்கத்துப் படகுகள் போகக்கூடாது. எனக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து தெரியும். அன்று காலையில் மட்டும் அது மறந்துபோயிருந்தது. நான் நைனாவின் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். அவர் காதில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

இருந்தாலும் மனசு விடவில்லை. ராக்கெட் இல்லாவிட்டாலும் நின்றிருப்பார்கள், இரண்டும் ஒரே நாளில் வந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உச்சி வெயில் வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது மைக் கரகரத்தது. ஊர்ப் பெரியவரின் குரல்தான்.

"ராக்கெட்டு தள்ளிப் போச்சாம். தொழிலுக்குப் போறவங்க போலாம்."

அவ்வளவுதான் சொன்னார். சாவு என்ற பேச்சே இல்லை.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அடித்துப்பிடித்து ஓடவில்லை. ஒவ்வொருவராக வந்து நைனாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பந்தலுக்கு வெளியே தங்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். சாயங்காலம் நண்டு வலை விட்டால்தான் விடியலில் எடுக்க முடியும். கொஞ்ச நேரத்தில் கரையில் இன்ஜின் சத்தம் ஒன்று கேட்டது, பிறகு இன்னொன்று. நைனாவைத் தூக்குவதற்குக் காலனியில் மிச்சமிருந்த ஆம்பளைகள் போதுமாக இருந்தார்கள். ஊர்ப் பெரியவரும் மைக்கை வைத்துவிட்டு வந்து சுடுகாடு வரை போனார். திரும்பும்போது என்னிடம், "சாவுக்கும் கவர்மெண்டுல எதனா குடுப்பாங்க. வுட்டுடாத, போய்க் கேளு" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அவர் மீது எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் முழுசாக அடங்கவில்லை.

அதன் பிறகு ஊரில் சாவு விழுந்தது பேரன் பேத்தி எடுத்த ஒரு கிழவி போனபோதுதான். மைக்கில் அதே குரல்: "ஊர்ச் சாவு, யாரும் தொழிலுக்குப் போவாதீங்க." நான் சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஆட்டோவுக்குச் சுற்றுவழி இருக்கிறது. நான் வேண்டுமென்றே பந்தல் முன்னாலேயே நடந்தேன். யாராவது கேட்கட்டும் என்று நினைத்தேன். எழவு வீட்டு முன்னால வேலைக்குப் போறியே, உனக்கு ஈரம் கீதா என்று ஒருத்தராவது வைது தீர்க்கட்டும். நைனாவுக்காகக் கேட்க வேண்டியதை எல்லாம் நடுத்தெருவில் வைத்துக் கேட்டுவிடுகிறேன். வார்த்தையெல்லாம் தயாராக இருந்தது.

பந்தலில் முதல் நாற்காலியில் ஊர்ப் பெரியவர் இருந்தார். என்னைப் பார்த்தார். என் பையைப் பார்த்தார். நான் நின்றேன்.

"இன்னா நின்னுட்ட? போம்மா, ஆட்டோ போய்டப் போவுது," என்றார். "ஊர்க்காரங்கதான் நிக்கணும். உங்களுக்கு இன்னா இதுல?"

நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். அவருக்கு ஏதோ நினைவு வந்து லேசாகச் சிரித்தார்.

"உங்க நைனாவும் தவறாம வந்து குந்திக்கினு இருப்பாரு, பாவம். அவருக்கின்னா, வேலைக்குப் போயே ஆவணும்னு இல்ல. அதான் கவர்மெண்டு கீதே."

தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். ஊரே நின்றுவிட்டதால் ஆட்டோவில் நான் ஒருத்திதான். கரை நெடுக எல்லாப் படகும் நின்றிருந்தது.